ஆங்கிலக் கடிதத்தில் ‘முயன்றேன்’ என்று எழுதும் முறை

ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ கொழும்புக் கம்பனிக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களில் ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும்: ‘ஐ ட்ரைட் மை லெவல் பெஸ்ட்’. வேலை விண்ணப்பம், கடன் தவணைக்கு அவகாசம் கேட்கும் கடிதம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பெயர்த் திருத்தம், வேலைத்தலத்தில் கேட்ட விளக்கம் என்று எதுவானாலும் அது வந்து உட்கார்ந்துவிடும். எழுதியவர் உண்மையில் இரண்டு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கியிருப்பார். வாசிக்கிறவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அந்த வாக்கியம் அதைச் சொல்வதில்லை. முயற்சியைச் சொல்ல ஆங்கிலத்தில் நாலைந்து தொடர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. எதை எங்கே வைப்பது, பக்கத்தில் என்ன எழுதினால் அது பலமாக நிற்கும் என்பதைத்தான் கீழே பார்க்கிறோம்.

அதற்கு முன், அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பிரதேச செயலகம், தொழில் திணைக்களம், பதிவாளர் போன்ற அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். 1988இல் வந்த 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு, நுவரெலியாவாக இருந்தாலும் பதுளையாக இருந்தாலும் கண்டியாக இருந்தாலும், அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தெளிவான தமிழ்க் கடிதம் தடுமாறும் ஆங்கிலக் கடிதத்தை விட எப்போதும் மேல். தனியார் கம்பனியின் தலைமை அலுவலகம், வங்கியின் கடன் பிரிவு, ஹோட்டல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குத்தான் ஆங்கிலம் தேவைப்படும்.

இனிச் செய்யப்போவதைச் சொல்லும்போது

வேலை விண்ணப்பத்தில் நீங்கள் கொடுப்பது வாக்குறுதி. அதற்கு உரிய தொடர் ‘டூ மை பெஸ்ட்’. ‘ஐ வில் டூ மை பெஸ்ட் டு லேர்ன் த வேர்க் குவிக்லி’ என்று எழுதினால் சரி. ‘பெஸ்ட்’ என்பதற்குப் பிறகு ‘டு’ வந்து, அதை ஒட்டி வினைச்சொல் அதன் மூல வடிவத்தில் வர வேண்டும். ‘பெஸ்ட் ஃபோர் லேர்னிங்’ என்று எழுதுவது தமிழில் ‘கற்பதற்காக’ என்று நினைத்துவிட்டு எழுதுவதால் வரும் பிழை. ‘என்னால்’ என்ற நினைப்பில் ‘பை மை பெஸ்ட்’ என்று எழுதுவதும் அதே வகைதான்.

‘டூ’ போடுவதா ‘ட்ரை’ போடுவதா என்று பலருக்குக் குழப்பம். இரண்டும் சரியான ஆங்கிலம். ‘ட்ரை’ போட்டால் முடிவு நிச்சயமில்லை என்ற நிழல் விழும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் காரியத்துக்கு அதைப் போடாதீர்கள். ‘ஐ வில் ட்ரை மை பெஸ்ட் டு கம் டு வேர்க் ஒன் டைம்’ என்று எழுதினால், நேரத்துக்கு வருவதே சந்தேகம் என்று முகாமையாளர் நினைப்பார். மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வர வேண்டியிருந்தால், அதைச் சொல்லி, ஹட்டனில் தங்குமிடம் பார்த்திருப்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, முயல்வேன் என்ற சொல்லை விட அதிகம் சொல்லும்.

‘லெவல் பெஸ்ட்’ பிழையான தொடர் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியல்ல, பழைய, முறையான ஆங்கிலத் தொடர்தான். வெளிநாட்டு ஆங்கிலத்தில் ‘டூ மை லெவல் பெஸ்ட்’ என்றே பெரும்பாலும் வரும். ‘ட்ரை மை லெவல் பெஸ்ட்’ என்பது தெற்காசியாவில் அதிகம் புழங்கும் வடிவம். இரண்டிலும் கொஞ்சம் பழைய வாடை உண்டு. ‘லெவல்’ என்பதை எடுத்துவிட்டால் பொருள் ஒன்றும் குறையாது, கடிதம் சுத்தமாகும். ‘ஹண்ட்ரட் பேர்சன்ட் எஃபர்ட்’, ‘மேக்ஸிமம் எஃபர்ட்’ போன்றவை பேச்சுக்கு உரியவை. விண்ணப்பத்தில் வேண்டாம்.

இந்த இடத்தில் நடக்கும் மிக மோசமான பிழை ‘ஹார்ட்லி’. கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ வில் வேர்க் ஹார்ட்லி’ என்று எழுதுகிறார்கள். ‘குவிக்’ என்பது ‘குவிக்லி’ ஆவது போல ‘ஹார்ட்’ என்பதும் மாறும் என்று எண்ணுவதால் வருவது இது. ஆனால் ‘ஹார்ட்லி’ என்றால் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று பொருள். வேலையே செய்யமாட்டேன் என்று விண்ணப்பதாரர் கையெழுத்திட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ‘வேர்க் ஹார்ட்’ என்று நிறுத்த வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளின் கடிதங்களில்கூட இது தப்பிவிடுகிறது. அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

‘டு த பெஸ்ட் ஒஃப் மை எபிலிட்டி’ என்பதையும் ‘டு த பெஸ்ட் ஒஃப் மை நொலெஜ்’ என்பதையும் மாற்றிப் போடுவதும் வழக்கம். முதலாவது வேலையைப் பற்றியது: என் ஆற்றலுக்கு உட்பட்டவரை செய்வேன். இரண்டாவது தகவலைப் பற்றியது: எனக்குத் தெரிந்தவரை இது உண்மை. தகைமை விபரங்களின் அடியில், கையெழுத்துக்கு மேலே வரும் உறுதிமொழியில் ‘நொலெஜ்’ மட்டுமே பொருந்தும். அங்கே ‘எபிலிட்டி’ என்று போட்டால், உண்மை சொல்ல முயன்றிருக்கிறேன் என்ற தொனி வந்துவிடும்.

ஏற்கெனவே செய்ததைச் சொல்லும்போது

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். அவகாசம், திருத்தம், மன்னிப்பு, சலுகை என்று எதைக் கேட்டாலும், நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கான தொடர் ‘மேட் எவ்ரி எஃபர்ட் டு’.

வடிவத்தில் மூன்று இடங்களில் சறுக்கும். ‘எஃபர்ட்’ என்பதோடு ‘டிட்’ சேராது, ‘மேட்’தான் சேரும். தமிழில் முயற்சி ‘செய்கிறோம்’ என்பதால் கை தானாக ‘டிட்’ என்று எழுதிவிடும். ‘எவ்ரி’ வந்தால் பின்னால் ஒருமை. ‘எவ்ரி எஃபர்ட்ஸ்’ என்பது பிழை. காலமும் முக்கியம். பிரச்சினை இன்னும் தீரவில்லை, முயற்சியும் நிற்கவில்லை என்றால் ‘ஹேவ் மேட்’. முடிந்துபோன ஒரு நாளைக் குறிப்பிட்டால் ‘மேட்’ மட்டும். ‘ஐ ஹேவ் மேட் எவ்ரி எஃபர்ட் லாஸ்ட் மார்ச்’ என்று இரண்டையும் ஒட்டவைக்கக் கூடாது.

முயன்றும் முடியவில்லை என்று சொல்லும்போது இரண்டு தமிழ்ப் பழக்கங்கள் குறுக்கே வரும். ‘நான் முயன்றாலும்… ஆனால் கிடைக்கவில்லை’ என்று பேச்சில் சொல்வது போல, ‘ஓல்தோ’ என்று தொடங்கி நடுவில் ‘பட்’ என்றும் போட்டுவிடுவார்கள். ஆங்கில வாக்கியம் ஒன்றைத்தான் தாங்கும். மற்றது ‘குட் நாட் ஏபிள் டு’. ‘குட் நாட்’ என்பதிலேயே ‘முடியவில்லை’ இருக்கிறது. வேண்டுமானால் ‘வாஸ் நாட் ஏபிள் டு’ என்று எழுதலாம், இரண்டையும் சேர்க்க முடியாது. ‘டெஸ்பைட் மை எஃபர்ட்ஸ்’ என்பது சுருக்கமான, நல்ல வழி. அதில் ‘ஒஃப்’ வராது. ‘இன் ஸ்பைட்’ என்று தொடங்கினால் மட்டும் ‘ஒஃப்’ வரும்.

இலக்கணம் சரியானாலும் தொடர் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. ‘எவ்ரி’ என்றால் ஒன்றுவிடாமல் எல்லாம். அப்படி எழுதிவிட்டு, செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தால், வாசிக்கும் அதிகாரி அதைத்தான் முதலில் பிடிப்பார். பிறப்புச் சான்றிதழ் எடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்த பற்றுச்சீட்டு எங்கே என்பார். அதற்குப் பிறகு கடிதத்தில் உள்ள மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆகவே செய்ததன் அளவுக்கு ஏற்ற தொடரை எடுங்கள். சில தடவை மட்டும் முயன்றிருந்தால் ‘மேட் செவரல் அட்டெம்ப்ட்ஸ்’. ஒழுங்காகச் சில படிகள் எடுத்திருந்தால் ‘டூக் த ஃபொலோயிங் ஸ்டெப்ஸ்’. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான கடிதங்களுக்குப் பொருத்தம். அது பெருமை பேசுவதில்லை, செய்ததை வரிசையாகக் காட்டச் சொல்லி எழுதுபவரையே கட்டாயப்படுத்துகிறது.

ஒரு கடிதத்தைக் கட்டிப் பார்ப்போம்

மலையகத்தில் அடிக்கடி வரும் சிக்கல் பெயர். தோட்டத்துச் செக்ரோலில் (வேலை நாள், சம்பளப் பதிவேட்டில்) லெச்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் லக்ஷ்மி; ஆங்கில எழுத்தில் மூன்றும் மூன்று விதம். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஈ.பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவரும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் வருடக்கணக்கில் சேர்ந்த பணம், ஓர் எழுத்து வித்தியாசத்தில் நின்றுவிடும். தொழில் திணைக்களத்துக்குத் தமிழில் எழுதலாம். ஆனால் 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமை அலுவலகத்திடம் உறுதிப்படுத்தல் கேட்க வேண்டி வந்தால், பெரும்பாலும் ஆங்கிலக் கடிதம்தான் வேலை செய்யும். வீட்டில் படித்த பிள்ளை அம்மாவுக்காக எழுதும் கடிதம் அது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் நாலு நிரல் கீறுங்கள்: திகதி, போன இடம், கேட்டது, கிடைத்த பதில். பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டுப் பிரதேச செயலகத்தில் கொடுத்தது, தோட்டத்து ஒஃபிஸில் கிளாக்கரைக் கண்டு கடிதம் வாங்கியது, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தது என்று ஒவ்வொன்றையும் அதில் போடுங்கள். திகதி மறந்துபோனால் பற்றுச்சீட்டில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாதத்தை மட்டும் எழுதுங்கள், ஊகித்து நாள் போடாதீர்கள். இந்தத் தாளில் மூன்று வரியாவது நிரம்பாவிட்டால் ‘எவ்ரி எஃபர்ட்’ எழுதும் நேரம் இன்னும் வரவில்லை. முதலில் விட்டுப்போன அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

பிறகு கடிதத்தின் நடுப் பந்தி இப்படி வரலாம்:

‘ஐ ஹேவ் டேக்கன் த ஃபொலோயிங் ஸ்டெப்ஸ் டு கரெக்ட் திஸ் எரர். ஒன் 4 மார்ச், ஐ ஒப்டெய்ன்ட் எ சேர்ட்டிஃபைட் கொப்பி ஒஃப் மை பேர்த் சேர்ட்டிஃபிகேட். ஒன் 18 மார்ச், த எஸ்டேட் ஒஃபிஸ் கேவ் மீ எ லெட்டர் ஸ்டேட்டிங் தட் போத் நேம்ஸ் ரெஃபர் டு மீ. போத் டொக்யுமென்ட்ஸ் ஆர் அட்டாச்ட். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கன்ஃபேர்ம் த கரெக்ட் நேம் இன் ரைட்டிங்.’

தவறைத் திருத்த எடுத்த படிகள் இவை, இன்ன நாளில் இந்தப் பத்திரம் பெற்றேன், இரண்டையும் இணைத்திருக்கிறேன், சரியான பெயரை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்: ஐந்து வாக்கியத்தில் எல்லாம் முடிந்தது. முயற்சி என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் முயற்சி முழுதும் தெரிகிறது. அப்படியும் கிடைக்காமல்போய், சத்தியக் கடதாசியும் முடித்து, இரண்டாவது கடிதம் எழுத வேண்டி வந்தால், அப்போது ‘ஐ ஹேவ் மேட் எவ்ரி எஃபர்ட் டு ரிசோல்வ் திஸ் மேட்டர்’ என்று ஒரே ஒரு தடவை எழுதுங்கள். பந்தியின் முதல் வரியில் அது இருக்கட்டும், கீழே நாள்வாரியாகச் சான்று வரட்டும். பந்தியின் முடிவில் வைத்தால் கெஞ்சல் போல் கேட்கும். ஒரே கடிதத்தில் இரண்டாம் முறை வந்தால் முதல் தடவை சொன்னதும் பலம் இழக்கும்.

கோரிக்கையைக் கடைசி வாக்கியமாக, ஒரே ஒரு வினையோடு வையுங்கள். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தால், எது தேவை என்பதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

‘குட் ஃபெயித்’ தனிச் சங்கதி

‘எ குட்-ஃபெயித் எஃபர்ட்’ என்ற தொடரை இணையத்தில் பார்த்துவிட்டு வேலை விண்ணப்பத்தில் போடுகிறார்கள். அது அங்கே பொருந்தாது. இது நல்ல உள்ளத்தோடு கடுமையாக உழைப்பதைப் பற்றிய தொடர் அல்ல. ஒருவருக்கு ஒரு கடமை இருக்கிறது, அதை ஏமாற்று நோக்கமில்லாமல், நேர்மையாக நிறைவேற்றப் பார்த்தார் என்று சொல்லும் சட்ட வாசனையுள்ள தொடர். ‘போனா ஃபிடே’ என்ற இலத்தீன் சொல்லின் ஆங்கில உருவம். கடன், ஒப்பந்தம், பிணக்கு, விசாரணை ஆகியவற்றில் அதற்கு இடம் உண்டு.

வெலிமடையில் மரக்கறிச் செய்கைக்குக் கடன் எடுத்தவர், மழையில் விளைச்சல் போனதால் தவணை கட்ட முடியாமல் வங்கிக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். மாதத் தவணை 18,000 ரூபா. ஜூனில் 10,000, ஜூலையில் 7,500 கட்டியிருக்கிறார். இரண்டு மாதமும் கிளைக்குப் போய்க் கடன் உத்தியோகத்தரைச் சந்தித்திருக்கிறார். ‘ஐ ஹேவ் மேட் எ குட்-ஃபெயித் எஃபர்ட் டு பே த இன்ஸ்டோல்மென்ட்ஸ்’ என்று இவர் எழுதினால் தொடர் முழுப் பொருளோடு நிற்கும், ஏனென்றால் குறைந்த தொகையானாலும் கட்டியது கணக்கில் தெரியும். ஒரு சதமும் கட்டாமல், வங்கியின் தொலைபேசி அழைப்புக்கும் பதில் சொல்லாமல் இருந்தவர் இதே வரியை எழுதினால் அது அவருக்கு எதிராகவே திரும்பும்.

இன்னொரு நுட்பம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்யப்பட்டதையோ நம்பப்பட்டதையோ நன்னம்பிக்கையில் (குட் ஃபெயித்) செய்ததாகக் கொள்ள முடியாது என்று அது சொல்கிறது. மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கவனமும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கடிதம் எழுதும்போதும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் சாக்குகளை எண்ணாமல் அனுப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர், விளக்கம் கேட்டபோது ‘ஐ சைண்ட் இட் இன் குட் ஃபெயித்’ என்று எழுதினால், அடுத்த கேள்வி ‘எண்ணிப் பார்த்தீரா?’ என்பதுதான். எண்ணியிருந்தால் அதை எழுதுங்கள்: எத்தனை சாக்கு, எத்தனை மணிக்கு, கூட இருந்தவர் யார், என்ன பதவியில். எண்ணாவிட்டால் இந்தத் தொடரின் பின்னால் ஒளிய வேண்டாம். வேலை போகக்கூடிய விளக்கக் கடிதம் என்றால், அனுப்பும் முன் தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ சட்டத்தரணியிடமோ காட்டுங்கள்.

வடிவம் எளிது. ‘இன் குட் ஃபெயித்’ என்று வரும்போது முன்னால் ‘எ’ வராது. ‘எஃபர்ட்’ சேர்ந்தால் ‘எ’ வரும், நடுவில் சிறு கோடு போடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் இதே சாயலில் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’, ‘ரீசனபிள் எண்டெவர்ஸ்’ என்று வரும். ஆங்கிலச் சட்ட மரபில் முதலாவது கனமான கடமை, இரண்டாவது இலேசானது. எல்ல நகரில் வீட்டு அறைகளைச் சுற்றுலா முகவருக்குக் கொடுப்பவர், தன் பக்கத்தில் ‘பெஸ்ட்’ என்றும் முகவர் பக்கத்தில் ‘ரீசனபிள்’ என்றும் இருந்தால் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும். இணைய இணைப்பு விளம்பரத்தில் ‘பெஸ்ட் எஃபர்ட்’ என்றிருந்தால் வேகத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன்

முயற்சித் தொடரை விரலால் மறைத்துவிட்டுக் கடிதத்தை வாசியுங்கள். என்ன செய்தீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பது அப்போதும் விளங்கினால் தொடரை வைத்திருக்கலாம். விளங்காவிட்டால் குறை தொடரில் இல்லை. செய்தவற்றை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

எழுத்துக்கூட்டலில், ‘எஃபர்ட்’ என்பதற்கு இரண்டு எஃப். முதல் எழுத்து ஈ, கடைசி எழுத்து தேநீரைச் சொல்லும் அந்த டீ. முதலில் ஏயும் கடைசியில் டியும் போட்டால் அது ‘செலவைத் தாங்க முடியும்’ என்ற வேறு சொல்லாகிவிடும். கைபேசி திருத்திக் கொடுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. ‘சின்ஸியர்லி’யில் லிக்கு முன் வரும் ஈ எழுத்தை விழுங்காதீர்கள். ‘ஃபெயித்ஃபுலி’யில் எல் இரண்டு. ‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’ என்றும், பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்ஸியர்லி’ என்றும் முடியுங்கள். ‘யுவர்ஸ்’ என்பதில் மேற்குறி (அபொஸ்ட்ரஃபி) கிடையாது.

கடிதத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைச் செக்ரோல் பிரதி, சத்தியக் கடதாசி இருக்கும் அதே ஃபைலில் போடுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கடிதத்தின் படிகள் வரிசையில் அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கமும் திகதியும் போய்ச் சேரும்.